களைக்குது

2025 ஜனவரி 28, செவ்வாய்

அலுவலகக் கதிரை இன்னும் பழகவில்லை. பத்தொன்பது வருடம் நோர்வே அம்புலன்ஸில் ஓடிய உடம்பு. எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரே இடத்தில் இருந்தால் இடுப்புத்தான் முதலில் முறைப்பாடு சொல்கிறது.

எங்கள் பிரிவுத் தலைவர் வேறு வேலைக்குப் போனதும் அந்த இடத்துக்கு இங்கெர் என்னைக் கேட்டார். அவர்தான் முழுச் சேவைக்கும் தலைவி. “கோடை வரை தற்காலிகமாகச் செய். பிறகு நிரந்தர வேலைக்கு விளம்பரம் வரும், விருப்பமென்றால் விண்ணப்பி” என்றார். அப்படித்தான் தெற்கு நிலையத்தின் நாற்பத்தொரு பேருக்கும் நான் பொறுப்பானேன். செவ்வாய்தோறும் தலைமைக் குழு கூடும். ஆறு பேர். நான் ஆறாவது.

இன்றைய கூட்டத்தில் இரண்டு தரம் போன் அடித்தது. இரண்டும் ரோட்டில் நின்ற எங்கள் ஆட்கள். “மரியா, இங்கே ஒரு தமிழ் அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்.” வெளியே போய் நின்று கேட்டுச் சொன்னேன். திரும்பி வந்ததும் மருத்துவப் பொறுப்பாளர் ஐவின்ட், “எங்கள் மொழிபெயர்ப்புத் திணைக்களம் வந்துவிட்டது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது. சம்பள ஒழுங்கு பற்றிப் பேசிய நேரம் நான் நடைபாதையில் நின்றிருக்கிறேன். முடிவு எடுத்து முடிந்துவிட்டது.

இனிமேல் கூட்டத்தில் போன் சத்தமில்லாமல்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து மகள் யூலியாவோடு சப்பாத்து வாங்கப் போனேன். பதினேழு வயதில் என் கால் அளவைத் தாண்டிவிட்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் முறை. புதிய வேலை நேர அட்டவணையை நானே எழுதி, நானே விளக்கினேன். பன்னிரண்டு மணிநேர முறைக்குப் பின் எத்தனை பேர் களைத்து விழுகிறார்கள் என்று கணக்கோடு காட்டினேன். முடிந்ததும் இங்கெர் மேசையில் விரலால் தட்டி, “இதை ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுதான் விளங்கியது” என்றார்.

நடுவில் தேரியேயின் அழைப்பு ஒன்று வந்தது. மேசையில் போன் துடித்தது, பெயரைப் பார்த்தேன், கவிழ்த்து வைத்தேன். பன்னிரண்டு வருடம் ஒரே வண்டியில் என்னோடு ஓடிய மனிதர், அறுபத்தொரு வயது, கோபிக்க மாட்டார். பிறகு “எல்லாம் சரிவந்துவிட்டது” என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நாளைக்குக் கேட்க வேண்டும்.

என் கணவர் கிளெமென்ற் பஸ் ஓடிவிட்டு வரும்வழியில் கேக் வாங்கி வந்தார். “தலைவிக்கு” என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 12, புதன்

காலை ஏழரைக்கு ஐவின்ட் அழைத்தார். நேற்றுக் காலை எங்கள் வண்டி ஒன்று மோர்டென்ஸ்ருட்டில் ஒரு முதியவரைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை என்று வீட்டிலேயே விட்டுவந்திருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. மாரடைப்பு. இம்முறை போன வண்டி வேறு. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் பெரும் பகுதி போய்விட்டது என்கிறார்கள்.

பெயர் சோதிலிங்கம். எழுபத்து நாலு வயது. நீரிழிவு.

காலையில் போனது தேரியேயின் வண்டி.

“உன் பிரிவு. உன் மொழி. விசாரணை அறிக்கையை நீ எழுது” என்றார் இங்கெர், நான் அலுவலகம் போனதும்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். தேரியே, 10.42. வண்டிப் பதிவின்படி அவர்கள் அந்த வீட்டுக்குள் போனது 10.25. வெளியே வந்தது 11.05.

அந்த வீட்டிலிருந்துதான் எனக்குப் போன் எடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 13

ஏன் போனைக் கவிட்டு வைச்சனான்? ரெண்டு நிமிசம். ரெண்டே ரெண்டு நிமிசம் வெளியிலை போயிருந்தால் —

பிப்ரவரி 14, வெள்ளி

தேரியேயின் சம்பவ அறிக்கையைப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். இடது தோளில் நோவு, முந்தின நாள் பனி வழித்ததாகச் சொன்னார். ஈசிஜியில் தெளிவான மாற்றம் இல்லை. “நோயாளி களைப்பாக இருப்பதாகச் சொல்கிறார்.” குடும்ப மருத்துவரைப் பார்க்கச் சொல்லி விட்டுவந்தோம். உரைபெயர்ப்பாளர்: இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உதவினார்.

எனக்கு எடுத்த அழைப்பு பற்றி ஒரு சொல் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தேரியேயைக் கூப்பிட்டுப் பேசினேன். விசாரணை முடியும் வரை அவர் வண்டியில் போக முடியாது. களஞ்சிய அறையில் மருந்துப் பைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, நான் இருக்கச் சொல்லும் வரை நின்றார். முன்பு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

“நீ எனக்கு எடுத்தாய்” என்றேன்.

“எடுத்தேன்.”

“ஏன் அதை எழுதவில்லை?”

“என்ன எழுதுவது? மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை என்றா? மரியா, உரைபெயர்ப்புச் சேவையின் இலக்கம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அதற்கு எடுத்தால் கால் மணிநேரம் காத்திருக்க வேண்டும். உன் இலக்கம் என் விரலிலேயே இருக்கிறது. நீ எடுக்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் போதும் என்று நினைத்தேன். நினைத்தது நான்.”

“நான் பார்த்தேன், தேரியே. உன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்து வைத்தேன்.”

“அதை இந்த அறைக்கு வெளியே சொல்லத் தேவையில்லை. எனக்கு அறுபத்தொன்று. உனக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது” என்றார்.

போகும்போது கதவை மெல்லச் சாத்தினார்.

பிப்ரவரி 20, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க மோர்டென்ஸ்ருட் போனேன். ரிஷிகேசன். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, நோர்வேக்கு வந்து இரண்டு வருடம். அன்று வீட்டிலிருந்து வேலை செய்திருக்கிறார். சிவநாயகி அம்மா — சோதிலிங்கம் ஐயாவின் மனைவி — கதவைத் தட்டிக் கூப்பிட, செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருக்கிறார்.

“ஐயா என்ன சொன்னார் என்று சொல்ல முடியுமா? அவர் சொன்ன அதே சொல்லில்” என்று கேட்டேன்.

“தோள் வலிக்குதுன்னு சொன்னார். அப்புறம் ‘களைக்குது, களைக்குது’ன்னார். அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. நான் ஆம்புலன்ஸ்காரர்கிட்ட இங்கிலீஷ்ல, ரொம்ப டயர்டா இருக்காராம்னு சொன்னேன். களைப்புன்னா டயர்டுதானே மேடம்?”

பேனாவைக் கீழே வைத்தேன்.

எங்கள் இலங்கைத் தமிழர் களைக்குது என்று சொன்னால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். மூன்று மாடி ஏறிய பிறகு களைக்கும். இழுப்புக்காரருக்குக் களைக்கும். கதிரையில் சும்மா இருக்கும் நீரிழிவுக்காரருக்கு, தோளிலும் நோவு இருந்து, அதோடு களைக்கிறது என்றால், தேரியே அந்த நிமிடமே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

மறைக்க முடியாது. சொன்னேன். ரிஷிகேசன் சோபாவின் நுனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நான் தப்பா சொல்லிட்டேனா?”

“நீங்கள் உதவி செய்யப் போனீர்கள். இது உங்கள் வேலை இல்லை.”

“என் வேலை இல்லைதான். ஆனா நான்தானே அங்க இருந்தேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். “உங்க ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா மேடம்? ஒரு ஃபோன் போட்டிருந்தா போதுமே.”

நான் குறிப்பேட்டைப் பையில் வைத்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

அறிக்கை வரைவு முடிந்தது. பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “மொழி தெரிந்த எவரையும் தொடர்புகொள்ள வண்டிக் குழு முயற்சி எடுத்ததாகப் பதிவு இல்லை.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பதிவு இல்லைத்தான்.

இரவு கிளெமென்றிடம் சொன்னேன். முழுவதையும். அவர் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, நான் சொல்லத்தான் வேணும்” என்றேன்.

“ஏன் சொல்ல வேணும்? நான் பஸ் ஓடேக்கை போன் அடிச்சால் எடுக்கிறனானோ? அது குற்றமோ? நீர் உம்மடை வேலையிலை இருந்தனீர். அந்த மனுசனே சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுறார். நீர் ஏன் உம்மடை தலையிலை நீரே மண் அள்ளிப் போடுறீர்?”

“தேரியேயின்ரை தலையிலை இப்ப நான் அள்ளிப் போட்டிருக்கிறன்.”

“அந்த வேலைக்கு நீர் எவ்வளவு பாடுபட்டனீர். வெள்ளைக்காரர் அஞ்சு பேர் நடுவிலை போய் இருக்கிறீர். சறுக்கினால் அவையள் என்ன சொல்லுவினம் எண்டு உமக்குத் தெரியாதோ?”

தெரியும். அதுதான் பயம். வேறென்ன?

மார்ச் 5, விபூதிப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் பூசிய சாம்பலோடு வேலைக்குப் போனேன். வரவேற்பில் இருப்பவர் ஈரத் துண்டு நீட்டி, “உன் நெற்றியில் ஏதோ அழுக்கு” என்றார். நன்றி சொல்லித் துடைத்தேன்.

இங்கெர் வரைவைப் படித்துவிட்டார். “தெளிவாக இருக்கிறது. கடினமான வேலை, நன்றாகச் செய்திருக்கிறாய்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “தேரியே தானாக ஓய்வுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறார். ஏற்கலாம் என்று நினைக்கிறேன். அவருக்கும் நல்லது” என்றார்.

முப்பத்து நாலு வருடம் வேலை செய்தவர். இந்தச் சம்பவத்தோடா வெளியே போவது?

மார்ச் 9, ஞாயிறு

என் இலக்கத்துக்கு வந்த அழைப்புகளை உட்கார்ந்து எண்ணினேன். இந்தப் போன் வாங்கி இரண்டரை வருடம்தான் ஆகிறது, அதற்கு முன்னுள்ளவை இல்லை. மொழிபெயர்க்கச் சொல்லி வேலை நண்பர்களிடமிருந்து, நான் வேலையில் இல்லாத நேரத்தில் மட்டும் நூற்று அறுபத்து மூன்று. ஒன்று யூலியாவின் உறுதிபூசுதல் அன்று. ஒன்று மன்னாரில் மாமியின் செத்த வீட்டில் நிற்கும்போது. ஐவின்டின் பெயரும் நாலு தரம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் நாலாவது விடயம் என் அறிக்கை. எல்லோருக்கும் முன்னால் அச்சடித்த பிரதி. இங்கெர், “மரியா, சுருக்கமாக” என்றார். நான் ஏழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

“இந்த வாக்கியத்தை நான் தெரிந்துகொண்டே எழுதினேன். முயற்சி நடந்தது. பிப்ரவரி பதினோராம் திகதி 10.42க்கு தேரியே அந்த வீட்டிலிருந்து எனக்கு எடுத்தார். நான் இந்த மேசையில்தான் இருந்தேன். அட்டவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.”

எனக்கு நோர்வேஜிய மொழி திடீரென்று மறந்துபோகுமோ என்று பயமாக இருந்தது. மறக்கவில்லை. களைக்குது என்ற சொல்லைச் சொன்னேன், அது எங்களுக்கு என்ன, ரிஷிகேசனுக்கு என்ன என்று சொன்னேன். நூற்று அறுபத்து மூன்றையும் சொன்னேன்.

முதலில் பேசியவர் ஐவின்ட். “அதில் என்னுடையவையும் இருக்கின்றன.”

“நாலு” என்றேன்.

அவருடைய காது சிவந்தது. “அன்றைக்கு நான் ஒரு பகிடி விட்டேன். மொழிபெயர்ப்புத் திணைக்களம் என்று.”

நான் ஏழாம் பக்கத்தை மூடினேன்.

இங்கெர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை இருக்கச் சொன்னார். மற்றவர்கள் போகும் வரை பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“கூட்டத்தில் போன் எடுக்காதது பிழை இல்லை. அது உன் வேலையே இல்லை. அதை உன் வேலையாக வைத்திருந்தது எங்கள் பிழை. ஆனால் இந்த வாக்கியம் பிழை, மரியா. இன்னொருவரின் வேலை போகக்கூடிய அறிக்கையில் நீ இதை எழுதியிருக்கிறாய். அறிக்கையை உன்னிடமிருந்து எடுக்கிறேன். உன் கோப்பில் ஒரு குறிப்பும் எழுதுவேன்.”

“எழுதுங்கள்” என்றேன்.

“இன்று சொன்னாய் என்பதையும் எழுதுவேன்.”

வீட்டுக்கு வந்து நேரே படுக்கைக்குப் போய்விட்டேன். கிளெமென்ற் வந்து கட்டிலின் விளிம்பில் இருந்தார். என் காலுறையைக் கழற்றிவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

தேரியே கோபமாக இருக்கிறார். களஞ்சிய அறையில் முகம் பார்க்காமல், “உன்னிடம் வேண்டாம் என்றேன்” என்றார். ஓய்வுக் கடிதத்தை இங்கெர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதற்கும் கோபம்.

ஒரு மணிநேரம் கழித்து என் அறைக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று சோதிலிங்கம் ஐயா வீட்டுக்குப் போனோம். இங்கெர், தேரியே, நான். சுகாதார மேற்பார்வை அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பும் முன் குடும்பத்திடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது இங்கெரின் முடிவு. நான் மொழிபெயர்க்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். நானும் பிழை செய்தவள், என் வாயால் மற்றவர்களின் மன்னிப்பைச் சொல்லக்கூடாது. ராகவி என்று ஒரு உரைபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளை, நல்ல நிதானம்.

மூன்றாம் மாடி. ஐயா சாய்வுக் கதிரையில், கால் இரண்டும் வீங்கி, தலையணைக்கு மேல். சிவநாயகி அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி தந்தார். தேரியேயைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவருக்கும் கொடுத்தார்.

இங்கெர் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்க்காமல் பேசினார். “உங்கள் வீட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் உங்களை விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ள ஒரு வழியை நாங்கள் அவர்களுக்குச் செய்து கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை.” ராகவி சொல்லச் சொல்ல அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பிள்ளை, நீர் தமிழ்தானே? நீர் ஏன் வாய் திறக்கிறீரில்லை?”

“ஓம் அம்மா. தமிழ்தான். இண்டைக்கு நான் மொழிபெயர்க்க வரேல்லை.” தேரியேயைக் காட்டினேன். “அண்டைக்கு இவர் இந்த வீட்டிலை நிண்டு எனக்குத்தான் போன் எடுத்தவர். நீங்கள் சொல்லுறதை விளங்கப்படுத்தச் சொல்லிக் கேக்க. நான் கூட்டத்திலை இருந்தனான். அடிச்சதைக் கண்டனான். கண்டும் எடுக்கேல்லை.”

“கண்டும் எடுக்கேல்லையோ?”

“ஓம் அம்மா.”

எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. ராகவி எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். நான் சொன்னதைத் தாழ்ந்த குரலில் மற்ற இருவருக்கும் சொன்னாள்.

அம்மா திரும்பி வந்து, நின்றபடியே பேசினார். “நான் மூண்டு தரம் சொன்னனான். மனுசனுக்குக் களைக்குது, களைக்குது, களைக்குது எண்டு. பக்கத்து வீட்டுத் தம்பி தலையை ஆட்டினவர். இவரும் தலையை ஆட்டினவர். எல்லாருக்கும் விளங்கீட்டுது எண்டுதான் நான் நினைச்சனான். அதாலைதான் போகவிட்டனான். இல்லாட்டி நான் இவரைக் கதவாலை போக விட்டிருப்பனோ?”

ராகவி அதைச் சொன்னபோது தேரியே கோப்பையைக் கீழே வைத்தார். “சொல்லுங்கள் அவரிடம்,” என்றார், “எனக்கும் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. பட்டதால்தான் போன் எடுத்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன். விட்டது நான்.”

அதுவரை பேசாத ஐயா வாயைத் திறந்தார். ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் நின்று மூச்சு எடுத்தார். “இவர்… போகேக்கை… என்ரை கால்மேசு கழண்டு கிடந்தது. குனிஞ்சு… போட்டுவிட்டவர். நல்ல மனுசன் எண்டு… நினைச்சனான்.” பிறகு, “இப்பவும் அதுதான். ஆனால் என்ரை நெஞ்சு… போச்சுது.”

அம்மா அவருடைய காலுக்குக் கீழிருந்த தலையணையைச் சரிசெய்தார்.

அம்மாதான் மறுபடி கேட்டார், என்னிடம் இல்லை, தேரியேயிடம். விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, மூச்சை இழுத்து இழுத்துக் காட்டி, “இதுக்கு உங்கடை பாசையிலை என்ன? சொல்லித் தாங்கோ. இனி நான் ஆரையும் நம்பேலாது. நானே சொல்ல வேணும்.”

ராகவி வாயைத் திறந்தாள். தேரியேக்கு அது தேவைப்படவில்லை.

“துங்புஸ்தென்” என்றார்.

“துங்…”

“துங். புஸ்தென்.”

“துங்புஸ்தென்.”

அந்தப் பெரிய மனிதர் கதிரையை விட்டு இறங்கி, அவர் முன்னால் முழங்காலில் இருந்து, நாலைந்து தரம் சொல்லிக்கொடுத்தார். அம்மா ஒவ்வொரு தரமும் அவருடைய வாயைப் பார்த்துச் சொன்னார். பிழையில்லாமல் வந்ததும் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை.

வாசலில் என் கையைப் பிடித்து, “உம்மிலை எனக்குக் கோவம்தான், பிள்ளை” என்றார். “ஆனால் வந்து சொன்னனீர்.”

வாகனத்தில் தேரியே முன் இருக்கையில் இருந்தார். பின்னாலிருந்து அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது. இங்கெர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, காத்திருந்தார்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

கோயிலில் நல்ல சனம். பின்னேரம் கிளெமென்றின் தமக்கை வீட்டில் சாப்பாடு. கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மே 6, செவ்வாய்

தலைமைக் குழுவில் மூன்று கிழமையாக ஒரே சண்டை. ஐவின்ட் புது விதியை எழுதியிருக்கிறார்: மொழி விளங்காத ஒருவரை வீட்டில் விட்டுவருவதற்கு முன் உரைபெயர்ப்பாளரோடு பேசியே ஆக வேண்டும், கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கம்பக்கத்தாரின் சொல் போதாது. இதனால் வருடத்துக்கு முந்நூறு பயணம் கூடும், வண்டி எங்கே என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஐவின்ட் விடவில்லை. பகிடி விட்ட மனிதர் இப்படிப் பிடிவாதம் பிடிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இன்று ஒத்துக்கொண்டார்கள். ஜூன் முதல்.

இன்னொன்று: என் சொந்த இலக்கத்தை எல்லா வண்டிகளிலிருந்தும் எடுக்கச் சொல்லி இங்கெர் கடிதம் அனுப்பியிருக்கிறார். சந்தோசமாக இருக்க வேண்டும். ஏனோ ஒரு வெறுமை.

மே 28, புதன்

சுகாதார மேற்பார்வை அதிகாரிகளிடமிருந்து முடிவு வந்துவிட்டது. பொறுப்பு சேவையின் தலைமைக்கு. தேரியேக்கு எழுத்தில் அறிவுரை, அவ்வளவுதான். மறுபடி வண்டியில் போகலாம்.

ரிஷிகேசனுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஐயாவை வாரா வாரம் செக்கப்புக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன் மேடம்” என்றார். “அம்மா இப்போ எனக்கு உங்க தமிழ் சொல்லித் தர்றாங்க. ‘கதைக்கிறது’ன்னா பேசுறதாம். நேத்து ஒரு மணி நேரம் கதைச்சோம்.”

ஜூன் 14, சனி

நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். நான் போடவில்லை. கோப்பில் அந்தக் குறிப்பு இருக்கிறது. எந்த முகத்தோடு?

கிளெமென்ற் தோசைக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்தார். “போடும்” என்றார்.

“சொல்ல வேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“ஓம், சொன்னனான். பிழை. இப்ப சொல்லுறன், போடும். அந்த மேசையிலை நீர் இல்லாட்டி ஆர் இருக்கப் போகினம்? ஒருத்தரும் உதவி கேட்டுப் போன் அடிக்காத ஆக்கள்.”

யூலியா தன் அறையிலிருந்து, “அம்மா, போடுங்கோ, நான் எழுத்துப் பிழை பாக்கிறன்” என்று கத்தினாள்.

போட்டுவிட்டேன்.

ஜூலை 9, புதன்

கிடைத்துவிட்டது. குறிப்பு பற்றி நேர்முகத்தில் இருபது நிமிடம் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

புதியவர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. பதினெட்டுப் பேர். சீருடையில் மடிப்புக்கூடக் குலையவில்லை. இரண்டு மணிநேரம் தேரியேயின் வகுப்பு. அவரே கேட்டு வாங்கியது. நான் இந்தப் பிரிவின் தலைவி என்று தொடக்கத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பின் வரிசையில் போய் இருந்தேன்.

தேரியே படம் ஒன்றும் காட்டவில்லை. மேசையில் சாய்ந்து நின்று பேசினார். பிப்ரவரி மாதம், மூன்றாம் மாடி, எழுபத்து நாலு வயது மனிதர். என்ன கேட்டேன், என்ன கேட்கவில்லை. எந்தச் சொல். எப்போது எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, எப்போது அதை விட்டேன். அந்த மனிதரால் இப்போது மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்துக்கு வீடு மாறிவிட்டார்கள் என்றும் சொன்னார். ஒருவரும் போனைப் பார்க்கவில்லை.

“இடையில் தமிழ் தெரிந்த ஒரு சக ஊழியருக்கு எடுத்தேன், பதில் கிடைக்கவில்லை” என்று ஒரே வரியில் தாண்டிப் போனார்.

முன் வரிசையில் ஒரு பெண் கை உயர்த்தினாள். இருபத்து மூன்று வயது இருக்கும். “அந்தச் சக ஊழியர் ஏன் எடுக்கவில்லை? அவரிடம் யாராவது கேட்டீர்களா?”

தேரியே தரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமல் இருக்க அவர் படும் பாட்டை நான் பின்னாலிருந்து கண்டேன்.

நான் எழும்பினேன். கதிரை சத்தம் போட்டது. பதினெட்டுத் தலையும் திரும்பியது.

“அது நான்” என்றேன். “கேளுங்கள்.”